சித்திரத் திருமேனியும் ரவிவர்மாவின் பக்தியும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

எம்பெருமானுடைய திருநிலைகள் பரம், வ்யூஹம், விபவம், அந்தர்யாமித்வம், அர்ச்சாவதாரம் என ஐந்து வகைப்படும் என்பது ஆஸ்திக அன்பர்கள் அனைவரும் அறிந்ததே. இவ்வைந்தையும் தாகமுற்றவனுக்குக் கிடைக்கும் தண்ணீராக வைத்து விளக்கினார் பிள்ளை லோகாசார்யர். அந்தர்யாமி பூமிக்கு அடியிலுள்ள நீர். இருக்கிறது என்று அறிந்தாலும் வெட்டி எடுத்தாலன்றிக் குடிக்க முடியாது. பரமபதத்து இருப்பு அண்டத்துக்கு அப்பாலுள்ள நீர். வ்யூஹம் பாற்கடல். இராமனாகவும் கண்ணனாகவும் வந்த விபவம் ஆற்றில் பெருகிச் சென்ற வெள்ளம். அக்காலத்தில் கரையில் நின்றவர்க்குக் கிடைத்தது, பின்னானார்க்குக் கிடையாது. அவ்வெள்ளம் வடிந்தபின் ஆற்றில் தேங்கிய மடுக்களே கோயில்களில் எழுந்தருளியிருக்கும் அர்ச்சைத் திருமேனிகள். குனிந்து கையால் மொள்ளலாம். இதுவே ஸௌலப்யம் எனப்படும் எளிமை.

இவ்வுபமானத்தைக் காலக்ஷேபத்தில் கேட்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுவதுண்டு. மடுவிலிருந்து ஒருவன் குடத்தில் மொண்டு வீட்டுக்குக் கொண்டுபோன நீர் எந்த வகையைச் சேர்ந்தது? நம் இல்லங்களில் சுவரை அலங்கரிக்கும் கண்ணாடிச் சட்டமிட்ட படங்களைக் கருதியே இதைக் கேட்கிறோம். தாமரையில் நிற்கும் திருமகள், கருடன்மேல் வரும் நாராயணன், யசோதையின் மடியில் கண்ணன் ஆகிய இப்படங்களுக்கு மாலை சாற்றாத வீடு அரிது. இவற்றின் மூலம் எங்கே என்று தேடிச்சென்றால் பெரும்பாலும் ஒரே மனிதரிடம் வந்து நிற்போம். அவர் திருவிதாங்கூர் நாட்டுக் கிளிமானூரில் 1848 ஏப்ரல் 29ஆம் நாள் பிறந்த ராஜா ரவிவர்மா. அவருடைய வாழ்வையும் பணியையும் ஸம்ப்ரதாயத்தின் கண்கொண்டு சிறிது ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சாஸ்திரம் சித்திரத்தைப் பற்றி என்ன கூறுகிறது என்று பார்க்க வேண்டும். சித்திரம் பிற்காலத்தார் விளையாட்டாகச் சேர்த்துக்கொண்டது என்று சிலர் நினைக்கின்றனர், அது சரியன்று. ஆகம சில்ப நூல்கள் பிம்பத்தை மூன்றாகப் பிரிக்கும். எல்லாப் பக்கமும் முழுதாக வடிக்கப்பட்டது சித்ரம். சுவரிலோ பலகையிலோ பாதி புடைத்து நிற்பது சித்ரார்த்தம். வண்ணத்தால் எழுதப்பட்டது சித்ராபாஸம். ஆகவே வண்ணத்தில் எழுதிய திருமேனியும் பிம்பமே. முறைப்படி ப்ரதிஷ்டை செய்யப்பட்டால் ஆராதனைக்கு உரியதே. வண்ணம் கரையுமாதலால் அதற்கு நேரே திருமஞ்சனம் செய்வதில்லை. எதிரே ஒரு கண்ணாடியை எழுந்தருளப்பண்ணி, அதில் தோன்றும் பிரதிபிம்பத்துக்குத் திருமஞ்சனம் செய்விப்பது முறை. இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை எண்ணி வியவாதிருக்க முடியாது. ப்ரதிபிம்பத்தின் ப்ரதிபிம்பமும் அவனே என்று கொண்டாலன்றி இப்படியொரு விதி பிறந்திராது.

ரவிவர்மாவின் நாட்டிலேயே இதற்கு நெருங்கிய ஓர் உதாரணம் உண்டு. நம்மாழ்வார் மங்களாசாஸனம் செய்தருளிய திருவனந்தபுரத்தில் அனந்தசயனனுடைய மூலத்திருமேனி கல்லால் ஆனதன்று. கடுசர்க்கரை யோகம் என்னும் மருந்துச் சாந்தால் சமைந்தது. அதனால் அங்கும் நித்திய திருமஞ்சனம் மூலவருக்கன்றி அபிஷேக மூர்த்திக்கே நடைபெறுகிறது. 1750இல் மார்த்தாண்டவர்மா தம் நாட்டையே அப்பெருமான் திருவடியில் ஸமர்ப்பித்து, அதன்பின் அவனுக்கு அடிமையாக நின்று ஆண்டார். அவர்க்குப்பின் வந்த அரசர்களும் பத்மநாபதாஸர் என்ற பெயரையே தாங்கினர். அவர்களுள் ஒருவராகிய ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் அரண்மனைக்கு 1862இல், பதினான்கு வயதுச் சிறுவராக, சித்திரம் வல்ல மாமன் ராஜராஜவர்மாவின் கைபிடித்து வந்தவர் ரவிவர்மா.

தந்தை நீலகண்ட பட்டதிரிப்பாடு வடமொழியில் வல்லவர். தாய் உமாம்பாபாய், பார்வதி ஸ்வயம்வரம் என்னும் துள்ளல் நூலை இயற்றிய கவி. புராணக் கதைகள் பேச்சாகவும் பாட்டாகவும் ஒலித்த வீடு அது. சித்திரக் கல்விக்கோ அத்தனை எளிய வழி கிடைக்கவில்லை. எண்ணெய் வண்ணம் அக்காலத்தில் நம் நாட்டார்க்குப் புதிது. அரண்மனைச் சித்திரக்காரரான மதுரை ராமஸ்வாமி நாயுடு அவ்வித்தையைப் பகிர்ந்துகொள்ள முன்வரவில்லை என்றே வரலாறு எழுதியோர் கூறுவர். 1868இல் வந்த தியடோர் ஜென்ஸன் என்னும் வெள்ளைக்கார ஓவியரும் கற்பிக்க இசையவில்லை. தாம் எழுதும்போது அருகிருந்து பார்க்க மட்டும் அனுமதித்தார். பார்த்தே கற்றார் இளைஞர்.

1870இல் அவர் கொல்லூர் சென்று மூகாம்பிகை ஸந்நிதியில் நாற்பத்தொரு நாள் விரதமிருந்து வழிபட்டார். அங்கிருந்து திரும்பும் வழியில் கோழிக்கோட்டில் ஒரு குடும்பத்தாரின் படத்தை எழுதும் பணி கிடைத்தது. கூலி பெற்று அவர் எழுதிய முதற் படம் அதுவே என்பர். சித்திரத்தைத் தொழிலாகக் கொள்ளுமுன் தெய்வத்தின் அனுமதியை வேண்டிச் சென்றவர் என்பது இதனால் விளங்குகிறது. அவர் நம் ஸம்ப்ரதாயத்தில் பஞ்ச ஸம்ஸ்காரம் பெற்றவரல்லர். தேவியை உபாஸித்தவர், கங்கையைச் சடையில் தாங்கும் சிவபிரானையும் எழுதியவர். அவரை வலிந்து வைணவராக்கிக் காட்டுவது நமக்கு வேண்டா. எவ்வுருவில் யார் நினைத்தாலும் அவ்வுருவில் வந்து நிற்பதாக எம்பெருமானே கீதையில் அருளியிருக்க, அந்நினைவுக்கு இவர் கை எப்படிக் கருவியாயிற்று என்பதே நமக்கு வேண்டுவது.

1873இல் வியன்னாக் கண்காட்சியில் பரிசு, 1893இல் சிகாகோவுக்குச் சென்ற பத்துப் படங்களுக்கு விருது எனப் பெருமைகள் பல அவரைத் தேடி வந்தன. படங்கள் கடல் கடந்தனவேயன்றி அவர் கடக்கவில்லை. ஆசாரத்தை விடாதவர் என்பதற்கு இது போதும்.

புராணச் சித்திரங்களில் அவருடைய பெரும்பணி பரோடாவில் தொடங்கியது. 1888இல் மகாராஜா ஸயாஜிராவ் கெய்க்வாட், இராமாயண பாரத பாகவதக் கதைகளிலிருந்து பதினான்கு படங்கள் எழுதித் தருமாறு வேண்டினார். உடனே தூரிகையை எடுத்துவிடவில்லை ரவிவர்மா. சீதையும் தமயந்தியும் எவ்விதம் உடுத்தியிருப்பர், ஆபரணம் எவை என்று அறிவதற்காகத் தம்பி ராஜராஜவர்மாவுடன் வடநாடு முழுதும் யாத்திரை சென்றார். புராண காலத்து உடை இதுதான் என்று ஓரிடத்திலும் உறுதி கிடைக்கவில்லை. அதனால் பாரத நாட்டுப் பெண்டிர் பலரும் உடுத்துகிற சேலையையே தேவியர்க்கும் உடுத்தினார். இன்று திருமகளைச் சேலையின்றி நினைக்க நம்மால் முடிகிறதா? அந்த நினைவில் பாதி கோயிலிலிருந்து வந்ததென்றால் பாதி இவர் படத்திலிருந்து வந்தது. 1890இல் நிறைவெய்திய அப்பதினான்கு படங்களும் திருவனந்தபுரத்திலும் பம்பாயிலும் காட்சிக்கு வைக்கப்பட்டபோது மக்கள் திரள் திரளாக வந்து கண்டனர்.

அரண்மனைச் சுவரில் தொங்கும் படத்தை எத்தனை பேர் எத்தனை நாள் காண முடியும்? இக்குறையை முன்பே உணர்ந்தவர் ஒரு தமிழ்நாட்டார். கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பின்னர் பரோடாவிலும் திவானாக விளங்கிய ஸர் டி. மாதவராவ். சில படங்களைத் தேர்ந்து ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சில் பதிப்பித்தால் புகழும் பெருகும், நாட்டுக்கும் ஒரு தொண்டாகும் என்று அவர் ரவிவர்மாவுக்கு எழுதினார். அவ்யோசனையை ஒருபடி மேலே கொண்டுசென்று, அச்சகத்தையே இந்நாட்டில் நிறுவினார் ரவிவர்மா. 1894இல் பம்பாயில் ஜெர்மானியத் தொழில் வல்லுநரின் துணையுடன் அது தொடங்கியது. முதலில் வெளிவந்தது சகுந்தலையின் ஜனனம். பின்னர் லக்ஷ்மி, ஸரஸ்வதி முதலிய தெய்வப் படங்கள் வெளிவந்து நாடெங்கும் பரவின.

ஒலியோகிராப் எனப்படும் அவ்வச்சு முறையை இக்காலத்து இளைஞர் அறிந்திரார். ஆகவே சற்று விளக்குவோம். வழவழப்பாக இழைத்த சுண்ணாம்புக்கல்லின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படத்தை இடவல மாற்றமாக வரைவார்கள். கல்லை நனைத்து மை உருளையைச் செலுத்தினால், வரைந்த இடத்தில் மட்டும் மை பற்றும். நனைந்த இடம் மையை ஏற்காது. ஒரு வண்ணத்துக்கு ஒரு கல். திருமகளின் முகத்துக்கு ஒரு நிறம், நிழலுக்கு ஒரு நிறம், சேலைக்கு, தாமரைக்கு, நீருக்கு என்று ஒரே தாள் பல கற்களின்கீழ் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்ல வேண்டும். ஒரு கல் மயிரிழை விலகினாலும் திருக்கண் ஓரிடத்திலும் இமை வேறிடத்திலும் விழுந்துவிடும். இறுதியில் வார்னிஷ் பூசி, எண்ணெய் வண்ணப் படம் போலவே மினுங்கச் செய்வார்கள்.

அவ்வச்சகம் தர்மத்துக்காக நடத்தப்பட்டதன்று, வியாபாரமே. இதை மறைக்க வேண்டுவதில்லை. வியாபாரமாகவும் அது செழிக்கவில்லை. பம்பாயில் பிளேக் நோய் பரவவே தொழிலாளர் கிடைப்பது அரிதாகி, லோணாவ்லாவுக்கு அருகிலுள்ள மளவ்லிக்கு அச்சகம் மாற்றப்பட்டது. கடன் பெருகியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்னும் ஜெர்மானியருக்கே அதை விற்றுவிட நேர்ந்தது. பணத்தை மட்டும் கணக்கிடுவோர் இதைத் தோல்வி என்று எழுதி முடித்துவிடுவர்.

ஆனால் நாம் தொடக்கத்தில் எடுத்துக்கொண்டது நீரின் கணக்கு. மடு கையெட்டும் தூரத்தில் இருக்கிறது என்றார் உலகாசிரியர். அம்மடுவின் கரைக்கே வரக்கூடாது என்று தடுக்கப்பட்டிருந்தவர்கள் நம் நாட்டில் இலட்சோபலட்சம் பேர் இருந்தனர். ரவிவர்மா பிறந்த திருவிதாங்கூரில் அரசர் ஆணையால் ஆலயக் கதவு எல்லா ஹிந்துக்களுக்கும் திறந்தது 1936 நவம்பர் 12ஆம் நாளில்தான். அச்சகம் தொடங்கிய 1894க்கும் அந்நாளுக்கும் இடையே நாற்பத்திரண்டு ஆண்டுகள். திருமேனியை ஒருபோதும் கண்ணாரக் காணாமலே பிறந்து வளர்ந்து மடிந்த குடும்பங்களுக்கு, கடைவீதியில் காசு கொடுத்து வாங்கிய ஒரு வண்ணத்தாளே முதல் தரிசனமாக இருந்திருக்கும். அத்தாளை விற்றவன் ஜாதி கேட்கவில்லை. வாங்கியவன் மண்சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டுக் கைகூப்பினான்.

பாணர் குலத்தில் அவதரித்த திருப்பாணாழ்வார் காவிரியின் தென்கரையில் நின்றபடியே அரங்கனைப் பாடிவந்ததையும், அவரை லோகஸாரங்க முனிவர் தோளில் சுமந்து உள்ளே எழுந்தருளப்பண்ணியதையும் நாம் ஆண்டுதோறும் உருக்கமாகச் சொல்லுகிறோம். எம்பெருமானார் திருநாராயணபுரத்தில் ஒதுக்கப்பட்டோரைத் திருக்குலத்தார் என்று அழைத்து ஆலயப் பிரவேசம் அருளியதையும் சொல்லுகிறோம். ஆயின் அதைச் சொல்லிக்கொண்டே எத்தனை நூற்றாண்டு கதவைச் சாத்தி வைத்திருந்தோம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். இப்பயனைக் கருதித்தான் ரவிவர்மா அச்சகம் வைத்தார் என்று நாம் சொல்லவில்லை, அதற்குச் சான்றில்லை. கருதாமலே நிகழ்ந்தது என்பதனால் அதன் பெருமை குறைவதுமில்லை. லோகஸாரங்கர் வர ஏலாத வாசல்களுக்கெல்லாம் தாளில் எழுந்தருளி அவனே நடந்து சென்றான் என்று கொள்வதில் பிழையென்ன?

இனி, இப்படங்களின்மேல் எழுந்த ஆக்ஷேபங்களையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ரவிவர்மா மறைந்ததையொட்டிய காலத்திலேயே ஆனந்த குமாரஸ்வாமி, இப்படங்களில் நாடக மேடைத் தன்மை மிகுந்திருக்கிறது, தெய்வக் கதைகளுக்குரிய பாரத உணர்வு குன்றியிருக்கிறது என்று கண்டித்தார். தரையில் சாய்ந்து கடிதம் எழுதும் சகுந்தலையின் கோலத்தை நிவேதிதா தேவியார் கடிந்தார். இவ்விருவரும் பகையால் பேசியவரல்லர். நம் பண்டைக் கலையின் பெருமையை நமக்கே நினைவூட்டியவர்கள். அவர்கள் சொல்லை எளிதில் தள்ளிவிடலாகாது.

நம் சில்ப சாஸ்திரம் தெய்வத்தின் அழகை மனிதரைப் பார்த்து எழுதச் சொல்வதில்லை. தால அளவால் உறுப்புகளை வகுத்து, த்யான சுலோகத்தை உள்ளத்தில் நிறுத்தி, அதன்பின்னரே உளியைத் தொடச் சொல்கிறது. தேவ பிம்பம் அழகில் சற்றுக் குறைந்தாலும் நன்மை பயக்கும், மனித உருவம் எத்தனை அழகாயினும் அப்பயன் தாராது என்பது சுக்ரநீதியின் கருத்து. ரவிவர்மாவோ பெண்ணொருத்தியை எதிரில் அமர்த்திப் பார்த்து எழுதி, நான்கு திருக்கைகளைச் சேர்த்துத் திருமகளாக்கினார். அவர் பிறந்த நாட்டின் பத்மநாபபுரம் அரண்மனை மேல்மாடத்தில் உள்ள அனந்தசயனச் சுவரோவியத்தைக் கண்டவர்க்கு வேற்றுமை விளங்கும். அச்சுவரில் இருப்பது இவ்வுலகில் எவர் முகமும் அன்று. ரவிவர்மாவின் படத்திலோ நாம் எங்கோ கண்ட முகம்.

இதைக் குறையென்றே ஒப்புக்கொள்ள நேருகிறது. ஆயினும் முழுக்குறையென்று சொல்ல மனம் வரவில்லை. விபவத்தில் எம்பெருமான் என்ன செய்தான்? தயரதன் மகனாக, ஆயர்குலத்துப் பிள்ளையாக, எங்கோ கண்ட முகத்தோடே வந்தான். ஆய்ச்சியர் அவனைத் தெய்வம் என்று அறிந்தா வெண்ணெய் மறைத்தனர்? பரத்வத்தைக் கல்லில் வடித்த ஸ்தபதி காட்டினான். மனிதருடன் மனிதனாகக் கலந்து பரிமாறிய ஸௌசீல்யத்தை ரவிவர்மா காட்டினார். முன்னது இல்லாமல் பின்னது மட்டும் இருந்திருந்தால் ஆபத்துத்தான். கோயிலும் இருந்து படமும் இருப்பதால் குற்றமில்லை.

எனக்கு உண்மையாக மனங்கொள்ளாத இடம் வேறொன்று. திருப்பாணாழ்வார் அரங்கனைக் கண்டபோது முதலில் திருவடியையே கண்டார். அங்கிருந்து படிப்படியாக மேலேறிக் கடைசியில்தான் திருக்கண்களுக்கு வந்தார். த்யானத்தில் பாதாதிகேசம் என்பது இதுவே. ரவிவர்மாவின் படத்தில் பார்வை நேரே முகத்துக்குத் தாவிவிடுகிறது. திருவடி சேலை மடிப்பிலோ தாமரை இதழிலோ மறைந்து நிற்கிறது. படத்தின்முன் நின்று ஸேவிப்போர் கண்ணை வலிந்து கீழிறக்கித் திருவடியில் தொடங்கப் பழகிக்கொள்ள வேண்டும். அன்றியும், திருமகளைத் தனித்து எழுதிய படம் செல்வம் வேண்டுவோர்க்கு உகப்பாயிற்று. எம்பெருமான் திருமார்பை ஒருகணமும் பிரியாதவள் என்பதும், நமக்காக அவனிடம் பரிந்துரைக்கும் புருஷகாரபூதை என்பதும் அத்தாளில் எழுதப்படவில்லை. அதைப் பார்ப்பவர்தாம் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

எழுதிய உருவம் உயிருள்ள நாயகனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்கு ஸ்ரீமத் பாகவதமே சாட்சி. பாணாஸுரன் மகள் உஷை கனவில் கண்ட காதலனை யாரென்று அறியாமல் ஏங்கியபோது, தோழி சித்ரலேகை தேவரையும் மனிதரையும் ஒருவர்பின் ஒருவராக எழுதிக் காட்டினாள். வ்ருஷ்ணி குலத்தவரை எழுதி வந்தபோது ப்ரத்யும்நன் உருவைக் கண்டு உஷை நாணினாள்; அநிருத்தன் உருவைக் கண்டதும் இவனே என்றாள். படம் இல்லையேல் கனவு கனவாகவே கழிந்திருக்கும்.

ரவிவர்மாவின் படங்களுள் நம் ஸம்ப்ரதாயத்துக்கு மிக நெருங்கியது ஜடாயு வதம் என்பேன். இராவணன் ஒரு கையால் பிராட்டியைப் பற்றி மறு கையில் வாளோங்கி நிற்க, சிறகு அறுந்து வீழ்கிறான் கழுகரசன். பிராட்டி காணப் பொறாமல் முகத்தைக் கையால் மறைத்துக்கொள்கிறாள். ஜடாயுவை நம் பெரியோர் வெறும் பறவையாகக் கருதியதில்லை. பெரியவுடையார் என்றே திருநாமமிட்டு அழைப்பர். பெருமாள் தாமே தந்தைக்குச் செய்வதுபோல அவருக்கு இறுதிக் கடன் செய்தார். காஞ்சிக்கு அருகே திருப்புட்குழியில் விஜயராகவன் அவரைத் திருமடியில் தாங்கியபடியே இன்றும் ஸேவை ஸாதிக்கிறான்.

ஸ்ரீவசநபூஷணத்தில் பிள்ளை லோகாசார்யர் பெரியவுடையாரைக் குறிப்பிடும் இடத்தில், அடுத்தபடியாகவே பிள்ளை திருநறையூர் அரையரையும் சேர்த்து அருளியிருக்கிறார். தொட்டியம் திருநாராயணபுரத்தில் பகைவர் கோயிலுக்குத் தீ வைத்தபோது, எரியும் அர்ச்சைத் திருமேனியைக் குடும்பத்தோடு கட்டித் தழுவிக்கொண்டு உயிர்நீத்தவர் அவ்வரையர். ஒருவர் விபவத்தில் பிராட்டிக்காகச் சிறகைக் கொடுத்தார். மற்றவர் அர்ச்சையில் எம்பெருமானுக்காக உடலைக் கொடுத்தார். அவதாரத்துக்கும் விக்ரஹத்துக்கும் வேற்றுமை காணாத உள்ளத்தால்தான் இவ்விருவரையும் ஒரே மூச்சில் சொல்ல முடியும். ரவிவர்மா இந்நூலை அறிந்தவரா அல்லரா என்பது பொருட்டன்று. அவர் எழுதிய பெரியவுடையாரின் கழுத்து வீழும்போதும் இராவணனை நோக்கியே திரும்பியிருக்கிறது என்று தோன்றும். அந்தப் படத்தின்முன் நின்று ஆசார்யர் வாக்கை நினைப்பது நம் பேறு.

இனி, முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். இல்லத்துப் படம் அர்ச்சையா? ப்ரதிஷ்டையாகாத படம், ஆகமம் கூறும் பொருளில் அர்ச்சையாகாது. கோயிலாழ்வாரில் நித்திய திருவாராதனத்துக்கு உரியது ஸ்வயம்வ்யக்தமாகிய சாளக்கிராமமே; அதற்கு ப்ரதிஷ்டை வேண்டுவதில்லை. சாளக்கிராம ஆராதனம் இல்லாத இல்லங்களில் படத்தின்முன் விளக்கேற்றி, தளிகையை மானஸிகமாகக் கண்டருளப்பண்ணி, பாசுரம் அநுஸந்திப்பது குறைவுபட்ட வழிபாடு ஆகுமோ என்று தாய்மார்கள் வருந்துவதுண்டு. வருந்த வேண்டா. அது த்யானத்துக்கு ஆலம்பனம், அதாவது பற்றுக்கோடு. குடத்து நீர் மடுவாகாது. மடுவில் மொண்ட நீர் என்பதும் பொய்யாகாது. ஆனால் இரண்டு விஷயங்களில் எச்சரிக்கை வேண்டும். பட்டாசுப் பெட்டியிலும் ஊதுவத்தி உறையிலும் அச்சிட்ட திருவுருவைக் கிழித்துக் குப்பையில் எறிவது நம் கண்முன்னே நடக்கிறது. மங்கிப்போன படங்களைக் கோயில் மரத்தடியில் கொண்டுபோய்ச் சாத்திவிட்டு வருவது மரியாதையன்று. கண்ணாடியையும் சட்டத்தையும் கழற்றி, தாளை மட்டும் ஓடுகிற நீரிலோ அக்கினியிலோ சேர்ப்பிப்பதே தகும்.

ரவிவர்மா காட்டிய வழியில் பின்னர் பலர் நடந்தனர். தமிழ்நாட்டில் அவருள் முதல்வராகச் சொல்லத்தக்கவர் கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு (1898-1976). திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் அருகிலிருந்து, நாடகத் திரைகள் எழுதி, சிவகாசி நாள்காட்டிகள் வழியாக வீடு வீடாகத் தெய்வ உருவங்களைக் கொண்டு சேர்த்த பிரம்மசாரி அவர். அவரைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

1905 ஜனவரியில் தம்பி ராஜராஜவர்மா காலமானார். யாத்திரைகளிலும் தூரிகையிலும் கணக்கிலும் வலக்கை போல் இருந்தவர் அவர். அத்துயரிலும், நீரிழிவு நோயின் நலிவிலும், மைசூர் மன்னர் வேண்டிய புராணப் படங்களை ரவிவர்மா எழுதி முடித்தார். 1906 அக்டோபர் 2ஆம் நாள் அவர் மறைந்தார். பாரதியார் அவர் பிரிவுக்கு இரங்கிக் கவி பாடினார்.

அக்கடைசிப் படங்களுள் ஒன்று, கடலரசன் செருக்கை இராமபிரான் அடக்குவது. வான்மீகியின் காவியத்தில், விபீஷணனுக்கு அபயம் அளித்த பெருமாள் அடுத்து அவன் சொற்படியே கடலைச் சரணம் பற்றுகிறார். தர்ப்பையின்மேல் திருக்கையையே அணையாக வைத்து மூன்று இரவு கிடந்தார்; கடல் ஏனென்று கேட்கவில்லை. சரணாகதி ஒரே இடத்தில், சில நாள் இடைவெளியில், இரண்டுமுறை நிகழ்ந்தது. ஒன்று பலித்தது, மற்றொன்று பலிக்கவில்லை. காரணம் என்ன? கைம்முதல் ஏதுமற்ற விபீஷணன் எல்லாம் வல்லவனைப் பற்றினான், அது பொருந்திற்று. எல்லாம் வல்லவன் ஏதும் ஆற்றாத கடலைப் பற்றினான், அது பொருந்தவில்லை. சரணம் பற்றுகிறவனுக்கு வேண்டுவது இயலாமை, பற்றப்படுகிறவனுக்கு வேண்டுவது ஆற்றல் என்று நம் ஆசார்யர்கள் இதைக்கொண்டே விளக்குவர்.

திருப்புல்லாணி சென்று ஸேவித்தவர்கள் தர்ப்பசயனத்தில் கிடந்த திருக்கோலத்தைக் கண்டிருப்பர். ரவிவர்மா எழுதியது அதற்கு அடுத்த கணம். பாறைமேல் எழுந்து நின்று வில் வளைத்த பெருமாள், மின்னல் கிழிக்கும் வானம், கொந்தளிக்கும் அலைகள், அவற்றினிடையே தேவியருடன் மேலெழுந்து வரும் கடலரசன். அவனை வருணன் என்றே படத்தின் பெயர் குறிக்கிறது. கம்பநாட்டாழ்வானும் அவ்வாறே வருணனை வழி வேண்டு படலம் என்று வைத்தான். மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் உள்ள அப்படத்தின்முன் நிற்பவர் கண் முதலில் வில்லுக்கும் மின்னலுக்குமே செல்லும். சற்று நேரம் நின்று கீழே பாருங்கள். மூன்று இரவு கேளாதிருந்தவன் அலைநடுவே வந்து நிற்கிறான். அவன்மேல் விட இருந்த அம்பை, வான்மீகி சொல்லும்படி, பெருமாள் அவன் வேண்டிய வேறிடத்தில் விட்டார்.